ஃபிரீசியாவை முகர்ந்து பார்த்தவன்

வத்தல்மலையில் நான் வேலை பார்த்த பூப்பண்ணைக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் நல்ல மனிதர். போன மாதம் மலைக்கோயில் பண்டிகையன்று நடந்த கூத்தை ஓரமாக நின்று பார்த்துவிட்டு மறுநாளே போன் செய்தார். நான் எப்படித்தான் பூ வாசனை பார்த்தேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், ட்ரெயினிங் ஃபைலில் வைத்துக்கொள்வார்களாம். இரண்டு பக்கத்தில் அடங்குகிற விஷயமா இது? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ரிட்டயர் ஆனவனிடம் ஒருவர் ஆலோசனை கேட்பதே பெரிய விஷயம். வீட்டில் இப்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, மோட்டாரை நிறுத்தினேனா என்பதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. இருபத்தோரு வருஷம் அந்தப் பண்ணையில் ஃபிரீசியாப் பூவுக்கு வாசனைத் தரம் போட்டவன் நான். மலையில் என் பெயரே மூக்கு முனிரத்தினம். அந்தப் பூவின் வாசனை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மூக்கில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மாரண்டஹள்ளியில் எங்கள் அப்பா சம்பங்கி போட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கூடைப்பக்கம் போனால் போதும், இது இன்று பறித்தது, இது நேற்றுப் பறித்துத் தண்ணீர் தெளித்தது என்று சொல்லிவிடுவேன். இதனால் மார்க்கெட்டில் எனக்கு மரியாதையும் இருந்தது, இரண்டு மூன்று விரோதிகளும் இருந்தார்கள். பிறகு ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மூன்று வருஷம் வேலை கற்றுக்கொண்டேன். அந்த ரோஜாவுக்கு வாசனையே கிடையாது. அதனால் அங்கே என் மூக்கு சும்மா இருந்தது.

என் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கிருந்து என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ரெங்கராஜ் சார். கோத்தகிரிக்காரர், வத்தல்மலைப் பண்ணைக்கு முதல் மேனேஜர். சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். கோபம் வந்தாலும் குரல் உயராது, ஸ்வெட்டர் பொத்தானை மட்டும் கழற்றிக் கழற்றிப் போடுவார். செடிகளை 'அது' என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஃபிரீசியா அவருக்கு 'அவங்க'. "அவங்களுக்கு வேர் நனையணும், கழுத்து நனையக் கூடாது" என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாரோ பெரிய இடத்து அம்மாள் மலைக்கு வந்து தங்கியிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஃபிரீசியாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் காட்டில் கிடந்த பூ. சின்ன வெங்காயம் அளவில் கிழங்கு. அதிலிருந்து கோரை மாதிரி இலையும் ஒல்லியான தண்டும் வரும். தண்டு நேராக வளர்ந்துகொண்டே போய், பூக்கிற இடத்தில் திடீரென்று பக்கவாட்டில் மடிந்துவிடும். மடிந்த கழுத்தின் மேல் சீப்புப் பல்லைப் போல வரிசையாகப் பூக்கள் மேல்நோக்கி நிற்கும். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா எல்லாம் உண்டு. வாசனை ஆளைத் தூக்கும் என்று சொல்கிறார்கள். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

முதல் வருஷம் கிழங்குகள் வந்தபோது, குளிர்நாட்டுச் சாமான் ஆயிற்றே என்று எல்லோருமாகச் சேர்ந்து குளிர்கிடங்கில் வைத்துவிட்டோம். அங்கேதான் தப்பு. இந்தக் கிழங்குக்கு நடுவதற்கு முன்னால் பத்து வாரம் நல்ல வெக்கை வேண்டும், நட்ட பிறகுதான் குளிர் வேண்டும். குளிரிலேயே வைத்திருந்தால் முளைக்காமல், தன் தலைமேலேயே இன்னொரு கிழங்கை வளர்த்துக்கொண்டு தூங்கும். பெட்டியைத் திறந்தால் எல்லாம் இரட்டைக் கிழங்கு. ரெங்கராஜ் சார் அன்று ஐந்து பொத்தானையும் கழற்றிவிட்டார்.

அடுத்த வருஷம் வெக்கைக்கு எங்கே போவது என்று யோசித்து, மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் வைத்தார். தினமும் காலையில் போன் வரும். என் மனைவி சரஸ்வதிதான் எடுப்பாள். "அவங்க எப்படி இருக்காங்க? ரொம்ப வேர்க்குதா?" என்று சார் கேட்பார். தன்னைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நல்லா இருக்கேனுங்க, வேர்வைதான் தாங்க முடியல என்று இவள் பதில் சொல்வாள். பத்து வாரமும் இப்படியே ஓடியது. இவ்வளவு அக்கறையான மேனேஜரை உலகத்திலேயே பார்த்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தக் கிழங்குகள் நன்றாக முளைத்தன. மார்கழிக் கடைசியில் முதல் பூ விரிந்தது. பூப்பறிக்கிற பெண்கள் பத்தடி தள்ளி நின்றே ஆஹா என்றார்கள். சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து நன்றாக உறிஞ்சினேன். ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டை முகர்ந்த மாதிரி இருந்தது.

சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். மறுநாள் மண் வாசனை வந்தது, சாணி வாசனை வந்தது, சார் ஸ்வெட்டரில் பாச்சை உருண்டை வாசனைகூட வந்தது. பூ மட்டும் வரவில்லை. பிறவியிலேயே சிலருக்கு இந்த ஒரு பூவின் வாசனை மட்டும் ஏறாது என்று பல வருஷம் கழித்துப் பண்ணைக்கு வந்த ஒரு தாவரவியல் பேராசிரியை சொன்னார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், என்னை வேலைக்கு வைத்ததே இந்த மூக்குக்காகத்தான், இது வெளியே தெரிந்தால் அடுத்த ஜீப்பில் கீழே இறங்க வேண்டியதுதான் என்பது. மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் என் விரோதிகள் வேறு காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே சார் ஒரு பரீட்சை வைத்தார். பண்ணையின் மூலையில் ஃபிரீசியாவின் காட்டுச் சொந்தங்களுக்கென்று தனியாக ஒரு பாத்தி வைத்திருந்தார். தொண்டையில் மஞ்சள் தீற்றிய வெள்ளைப் பூ ஒன்று, பிரமாதமான வாசனையாம். சின்னச் சிவப்புப் பூ ஒன்று, அதற்கு வாசனையே கிடையாதாம். என் கண்ணைக் கட்டிவிட்டு ஒன்றை மூக்கருகே நீட்டினார். பொய் சொல்லத் தைரியம் வராமல், ஒன்றும் வரவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அது சிவப்புப் பூ. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை அவர் சோதித்த அத்தனை பேரும் மரியாதைக்காக அதற்கும் வாசனை இருக்கிறது என்றார்களாம். அடுத்ததை நீட்டினார். மிச்சமிருப்பது எதுவென்று எனக்குத் தெரியாதா என்ன. ஆஹா என்றேன். அன்றோடு எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

இனி வேலை முறையைச் சொல்கிறேன். பெங்களூரில் பெரிய ஓட்டல்களுக்குப் போகிற பூ என்பதால், ஒவ்வொரு கட்டுக்கும் வாசனைத் தரம் போட்டு அனுப்ப வேண்டும் என்பது சாருடைய ஏற்பாடு. வேறெங்கும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. தரம் போடுகிறவன் அன்று பூண்டு, வெங்காயம், பீடி, தலைக்கு எண்ணெய் எதையும் தொடக் கூடாது. பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் உட்கார வேண்டும். கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மூன்று எண்ணி, முதலில் விரிந்த பூவுக்கு இரண்டு விரல் தூரத்தில் மூக்கை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு முகத்தை நிமிர்த்தி நேரே பார்த்து, மனதுக்குள் முடிவு செய்து, நூலைக் கையில் எடுக்க வேண்டும். ஒண்ணாம் தரத்துக்குப் பச்சை நூல், ரெண்டாம் தரத்துக்கு மஞ்சள், மூன்றாவதுக்கு வெள்ளை. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்து மூக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இதில் என்னைக் காப்பாற்றியது 'நேரே பார்த்து' என்பதுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராக மாதம்மா உட்கார்ந்து கட்டுக் கட்டுவாள். அந்த மலையிலேயே பிறந்தவள், வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஆனால் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நான் முகர்வதற்காகக் கட்டைத் தூக்கும்போது அதன் வாசனை தானாக அவள் பக்கம் போகும். ஒரு புருவம் ஏறினால் மூன்றாம் தரம். இரண்டும் ஏறினால் ரெண்டாம் தரம். கண்ணை மூடி, கட்டிக்கொண்டிருக்கிற கை அப்படியே நின்றுவிட்டால் பச்சை நூல். பெங்களூரிலிருந்து ஒருநாளும் புகார் வந்ததில்லை.

இரண்டு சங்கடங்கள் வந்தன. அந்த அம்மாவின் கை அடிக்கடி நின்றுபோகிறது, களையெடுக்க அனுப்பிவிடலாம் என்று சார் ஒருநாள் சொன்னார். அவள் கட்டுகிற கட்டுதான் பெங்களூர் வரைக்கும் அவிழாமல் போகிறது என்று ஏதேதோ சொல்லித் தடுத்தேன். இன்னொன்று, தரம் போடத் தொடங்கிய முதல் வருஷம் ஒரு வாரம் முழுக்க மாதம்மாவின் வீட்டுக்காரர் கையில் கொடுவாளோடு வந்து நாங்கள் கட்டுக் கட்டுகிற கொட்டகை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசனைக்காக வந்து நிற்கிறார் என்று நினைத்து, தினமும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறாவது வருஷம்தான் ஒரு பண்டிகையில் மாட்டிக்கொண்டேன். தை மாதத்தில் மலையில் மாரியம்மனுக்குப் பண்டிகை. வழக்கமாகச் சாமந்திதான் சப்பரத்துக்கு. அந்த வருஷம் காலம் தவறிப் பெய்த மழையில் சாமந்தியெல்லாம் அழுகிப்போயிற்று. கீழேயிருந்து பூ கொண்டுவரலாம் என்றால் பாதையில் மண் சரிந்து ஜீப் ஏறவில்லை. விடிந்தால் பண்டிகை, மலையில் இருந்த ஒரே பூ எங்கள் ஃபிரீசியா. பெங்களூர் பார்ட்டிக்குப் போன் போட்டு ஒருநாள் தவணை கேட்டுவிட்டு, அன்று காலை வெட்டிய அத்தனை கட்டையும் அம்மனுக்குக் கொடுத்துவிடுவதாக ரெங்கராஜ் சார் சொன்னார். பண்ணை நிலமே ஊர்க்காரர்களுடையது. அவர்கள் மனம் கோணக் கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

முதல் பூத்தட்டு அந்த வருஷம் மாதம்மாவுடையது. அவளுடைய மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்திருந்தாள். பூத்தட்டு எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மாதம்மா மூன்று நாள் விரதம் இருந்தாள். கோயிலில் கட்டுகளை இறக்கியதும் அவள்தான் முதலில் தட்டோடு வந்து நின்றாள். பூசாரி பெரியாண்டி ஒரு கட்டைக் கையில் எடுத்தார். மலையில் எல்லோரும் பயப்படுகிற மனிதர் அவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்ப்பது எங்கள் பக்கமெல்லாம் பெரிய தப்பு. தானாக வருகிற வாசனைக்குக் குற்றமில்லை, மூக்கை வைத்து உறிஞ்சினால்தான் குற்றம். அதனால் வழக்கப்படி கேட்டார்.

"இந்தப் பூவ ஆரும் மோந்து கீந்து பாக்கலையேங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரெங்கராஜ் சார் பெருமையோடு முன்னால் வந்துவிட்டார்.

"ஒரு கட்டுகூட விடலைங்க. ஒவ்வொண்ணா மூக்க வெச்சு மோந்து பாத்துத்தான் அனுப்பறோம். அதோ, அவருதான்."

பெரியாண்டியின் கையிலிருந்து கட்டு கீழே விழுந்தது. மலையே திரும்பி என் மூக்கைப் பார்த்தது. சார் ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாதம்மா தட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த பூ விரிய நான்கு நாளாகும். அதுவரைக்கும் சப்பரமும் நிற்காது, அவள் விரதமும் தாங்காது.

எனக்கு அப்போது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். அவளுடைய வேண்டுதலை என் மூக்கு கெடுக்கிறது, அதுவும் ஒன்றுக்கும் உதவாத மூக்கு. வேலை போனால் போகட்டும் என்று பூசாரியைப் பலா மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாதம்மாவும் பின்னாலேயே வந்து நின்றுகொண்டாள்.

பெரியாண்டி நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. வேலைக்காகப் பொய் சொல்கிறவனை அவருக்குத் தெரியும், வேலை போகிற மாதிரிப் பொய் சொல்கிறவனைப் பார்த்ததில்லை. தோள் துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டினார். ஒவ்வொன்றாக மூக்குக்கு நேராக வந்தது. கற்பூரம் என்றேன். சரி. ஆட்டுக்குட்டி என்றேன். சரி. அது கத்தவும் செய்தது. விபூதி என்றேன். அதற்கப்புறம் வந்தது ஒன்றும் இல்லை.

"வெறுங்கைங்க" என்றேன்.

இன்னொரு தடவை நீட்டினார். மறுபடியும் வெறுங்கை என்றேன். மறுபடியும். நாலாவது தடவை ஏதோ ஈரமாக என் முகம் முழுக்க அமுங்கியது, மூக்குத் துவாரத்தில் இதழ் நுழைந்து தும்மலே வந்தது. அப்போதும் வெறுங்கை என்றேன். துண்டை அவிழ்த்தால், பெரியாண்டி இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்திருந்த ஃபிரீசியாவுக்குள் என் முகம் இருந்தது. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தை அன்றுதான் மலை கேட்டது.

சிரித்து முடித்துவிட்டு யோசித்துச் சொன்னார். "மோந்தவன் மூக்குக்குப் போவாத வாசம் பூவுலயே தானேங்க இருக்குது. முழுசா அம்மனுக்குத்தான். குத்தமில்ல, தட்ட எடு மாதம்மா."

மாதம்மா உடனே போகவில்லை. "எனக்குத் தெரியுமுங்கண்ணா" என்றாள். "எம் மூஞ்சியத்தான பாத்துப் பாத்து நூலு கட்டுனீங்க. மொதல்ல நான் வேற மாதிரி நெனச்சு எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லிப்போட்டேன். அவரு கொடுவாள எடுத்துக்கிட்டு வந்து ஒரு வாரம் பாத்தாரு. இந்தாளு உன்னையப் பாக்கல, உம் புருவத்தப் பாக்கறாருன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாரிடம் யாரும் சொல்லவில்லை. இவர் மோந்தால் குற்றமில்லை, இவர் மூக்கு வேற மாதிரி என்று மட்டும் பெரியாண்டி சொன்னார். சாருக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மனே ஒத்துக்கொண்ட மூக்கு என்று பண்ணைக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் என்னைக் காட்டுவார். பூசாரி வழியாக மலை முழுக்க விஷயம் பரவியது, ஆபீஸுக்கு மட்டும் தெரியாது. பதினைந்து வருஷம் ஒரு பிள்ளைகூட வாய் தவறிச் சொல்லவில்லை. சாமந்தி நன்றாக விளைந்த வருஷங்களிலும் அம்மனுக்கு ஃபிரீசியா என்பதே வழக்கமாகிவிட்டது. சார் இப்போது கோத்தகிரியில் ஓய்வாக இருக்கிறார். இதைப் படித்தால் அவர் என்னை மன்னிக்க வேண்டும். எத்தனை பொத்தான் கழற்றினாலும் தகும்.

நான் ரிட்டயர் ஆனதும் என் இடத்துக்கு நிவேதா என்ற பெண் வந்தது. தோட்டக்கலை படித்த பெண், மூக்கும் நிஜமான மூக்கு. இந்த வருஷப் பண்டிகைக்கு அந்தப் பெண் முகர்ந்து தரம் போட்ட பூவைக் கோயிலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது மேனேஜர் புத்திசாலி, யாருமே முகராத இருநூறு கட்டை எடுத்துவைத்து மறுபடியும் அனுப்பினார். அதற்கும் பெரியாண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆரும் மோந்து பாக்கலைன்னு எப்படிங்க நம்பறது? கைல பூவக் குடுத்தா மூக்குக்குக் கொண்டுபோவாத மனுசன் ஆருங்க? முனிரத்தினத்த வந்து மோந்து பாக்கச் சொல்லுங்க, அவரு மூக்கு ஒண்ணத்தான் அம்மா ஒத்துக்கிட்டா, அப்பறம் நம்பறோம்."

மேனேஜர் ஒன்றும் புரியாமல் எனக்குப் போன் செய்தார். நான் காலை பஸ்ஸைப் பிடித்து தருமபுரி வந்து, அங்கிருந்து மலை பஸ் ஏறிப் போனேன். பலா மரத்தடியில் பழைய மாதிரியே கண்ணைக் கட்டினார்கள். பெரியாண்டிக்கு வயதாகிவிட்டது. கற்பூரம் வந்தது, சொன்னேன். விபூதி வந்தது, சொன்னேன். மூன்றாவதாக ஏதோ வந்தது. இனிப்பாக, லேசாக, இதுவரை என் மூக்குக்கு வந்தே இராத மாதிரி ஒன்று.

இதுதானா அது என்று ஒரு நொடி அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி, இருநூறு கட்டும் வீணாகிறதே என்று தோன்றியது. வெறுங்கை என்று சொல்லிவிடலாம். வேறெங்கே சொன்னாலும் அம்மன் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"வாசம் வருதுங்க" என்றேன்.

நிவேதாதான் மெதுவாகச் சொன்னது, "ஐயா, அது வெறுங்கைதாங்க."

துண்டை விலக்கிப் பார்த்தேன். பெரியாண்டியின் உள்ளங்கைதான், பொங்கலுக்கு வெல்லம் உடைத்துவிட்டுக் கழுவாமல் வந்திருக்கிறார், அதில் கற்பூரமும் விபூதியும் கலந்து வேறு வாசனையாகியிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. துண்டை மறுபடியும் கட்டச் சொன்னேன். அடுத்து வந்ததில் ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டுதான்.

வெறுங்கைங்க என்று சொல்லிவிட்டுத் துண்டை அவிழ்த்தேன். மூக்கடியில் வெள்ளை ஃபிரீசியா, ஈரம் காயாமல் இருந்தது. எனக்கு நேராக மாதம்மா தட்டோடு நின்றாள், தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தட்டில் பூவை அடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது.

ஒண்ணாம் தரம் என்று சொன்னேன்.